பம்பாய்க் கடையில் இருக்கும் இரண்டு கத்திகள்

என் மகனுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. நம் தெருத் தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலேயே ஜன்னல் கம்பிக்குள் விட்டெறிந்துவிட்டுப் போகிற ஆள். நேற்று என்னவோ இறங்கி வந்து, "பம்பாய்ல இருந்து வந்துருக்கு. கனமா வேற இருக்கு. உங்க பையன்தான?" என்று கையில் கொடுத்துவிட்டு, நான் பிரிப்பதைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். அவர் போகிற வரைக்கும் நான் பிரிக்கவில்லை. எனக்குக் கடிதம் வருவதே அபூர்வம், அதையும் பங்கு போட வேண்டுமா? பொதுவாக நீ எழுதுவது ஒரு பக்கத்தைத் தாண்டாது. நலம், நலமறிய ஆவல், மாத்திரையை மறக்காதீர்கள், அங்கே சாரல் உண்டா என்று முடித்துவிடுவாய். இந்தத் தடவை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், விசா வந்துவிட்டது, ஆவணி பிறந்ததும் மஸ்கட்டில் வேலையில் சேர வேண்டும், இங்கே லீவு கிடைக்காது போலிருக்கிறது, அதனால் ஊருக்கு வராமல் பம்பாயிலிருந்தே விமானம் ஏறிவிடுகிறேன், இரண்டு வருஷம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாம் பக்கத்தில், உன் அறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடையைக் காலி செய்கிறார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மடக்குக் கத்திகள் இருக்கின்றன, உங்கள் சேகரிப்புக்கு ஒன்று வாங்கி, ஊருக்கு வருகிற சோழபுரத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், எதை எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். முதல் பக்கத்தைப் பிறகு பார்க்கிறேன். முதலில் கத்தியைப் பார்ப்போம்.

நீ என்னிடம் ஒன்றைக் கேட்டு எழுதியிருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு நீ என்னிடம் நேராக எதையும் கேட்டதாக ஞாபகம் இல்லை. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் உன் அம்மாவிடம் கேட்பாய். அவள் அடுப்படியிலிருந்து வந்து என்னிடம் கேட்பாள். நான் அவளிடம் பதில் சொல்வேன். அவள் திரும்பிப் போய் உன்னிடம் சொல்வாள். நீ பக்கத்து அறையில்தான் இருப்பாய், நான் சொன்னது உன் காதில் விழுந்திருக்கும், இருந்தாலும் அவள் வந்து சொன்னால்தான் நீ எழுந்து சட்டையை மாட்டுவாய். நம் வீட்டில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அப்படித்தான். அதில் நமக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது இடையில் நடந்து வந்து சொல்ல ஆள் இல்லாததால் நானே எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீளும். பொறுத்துக்கொண்டு படி.

கத்திப் பெட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மில்லுக்கு எந்திரம் வந்து இறங்கிய மரப்பெட்டியைப் பிரித்து நான் செய்தது, உனக்கு நினைவிருக்கும். உள்ளே விரித்திருப்பது ரோலர் துடைக்கிற ஃபிளானல் துணி. முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் என்று இந்தத் தெருவில் யாரும் என்னை அடையாளம் சொல்வதில்லை, 'கத்தி வீட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பயந்து, ஒரு வாரம் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். பிறகு அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது, நீங்க என்ன தொழில் பாத்தீய?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்து காட்டினேன். "எல்லாம் பென்சில் சீவுற கத்தி!" என்று சிரித்துவிட்டுப் போனார். பயந்துகொண்டே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சரி, உன் இரண்டு கத்திகளுக்கு வருகிறேன். ஒன்றுக்கு முத்துச்சிப்பிப் பிடி, மூன்று அலகு, எல்லாம் பளபளவென்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இன்னொன்றுக்குக் கறுப்புக் கொம்புப் பிடி, ஒரே அலகு, அதுவும் கறுத்துக் கிடக்கிறது, பார்த்தால் வயசான மாதிரி இருக்கிறது என்கிறாய். 'முதலாவதுதான் அழகு' என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். அவசரப்படாதே. மடக்குக் கத்தியைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான், முதலில் காதால் வாங்க வேண்டும். நகம் வைக்கிற பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து மெதுவாகத் திற. நல்ல ஸ்பிரிங் என்றால் அலகு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பாதி தாண்டியதும் அதுவாகவே போய் 'டக்'கென்று உட்காரும். மடக்கும்போதும் அதே சத்தம் வர வேண்டும். சத்தம் தளர்ந்து வந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. சத்தமே வரவில்லையென்றால் கடைக்காரரிடம் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடு. திறந்த பிறகு அலகின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார். ஆடக் கூடாது. மடக்கிய பிறகு மேலேயிருந்து பார், அலகு நடுவில் படுத்திருக்க வேண்டும், ஒரு பக்கமாக உரசிக்கொண்டு கிடக்கக் கூடாது. இதையெல்லாம் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் செய். அவர் முகத்தைப் பார்த்தால் உனக்கு இரக்கம் வந்துவிடும், நீ உன் அம்மா பிள்ளை.

இந்தச் சத்தத்தை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் கடிகார மாமாவும் சேர்ந்து கண்டுபிடித்தது. அவருக்கும் இதே கிறுக்கு என்று உனக்குத் தெரியும். பகலெல்லாம் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தைக் குடைகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னைப் போலவே பழைய கத்தி தேடிக் கிளம்பிவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஊரெல்லாம் பால்கோவா என்று சொல்லும், எங்கள் இரண்டு பேருக்கும் தேரடிக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் கடை. ஒரு ஞாயிறு அவர் கல்யாண வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். நான் அதே ஊரில் மடவார் வளாகத்தில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் போய் இறங்கி, அந்தக் கடை வாசலில் முட்டிக்கொண்டோம். "கல்யாணம் முடிஞ்சுட்டா மாமா?" என்று கேட்டேன். "பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் வரல. உங்க மாமியார் சௌக்கியமா?" என்றார் அவர். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு கத்தி. மாமா அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து மூடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "பாகுந்தி" என்றார். நல்லா இருக்கு என்பதற்கு அவர் வீட்டுத் தெலுங்கு. அவர்தான் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். கடையை விட்டு இறங்கும்போது என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுய்யா" என்றார். அந்தக் கத்தி பெட்டியில் இரண்டாவது வரிசையில் இருக்கிறது.

முதல் கத்தி எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. எண்பதுகளின் ஆரம்பத்தில் மில்லில் ஓவர்ஹாலிங் நடந்தபோது தண்டில் மாட்டுகிற புஷ் வளையம் ஒன்று தேடிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். குவியலுக்குள் துருப்பிடித்த ஒரு கட்டி கிடந்தது. ஏதோ எந்திரத்துண்டு என்றுதான் எடுத்தேன். கையில் எடுத்ததும் பிடியும் ரிவிட்டும் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். உன் அம்மா, நல்ல டம்ளரை இதுக்கா எடுத்தீங்க என்று சண்டைக்கு வந்தாள். பல நாள் ஊறிய பிறகு ஒரு சாயங்காலம் மெதுவாகத் திறந்துகொண்டது. உலகத்தையே சாதித்துவிட்ட மாதிரி அடுப்படிக்குக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "கத்தி மாதிரிதான இருக்கு" என்றாள். அடுத்து ஒன்று கிடைத்தபோது, "இதுவும் கத்தி மாதிரிதான இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எத்தனை கத்தி வந்தாலும், இங்கிலாந்து ஷெஃபீல்டு முத்திரை போட்டது வந்தாலும் ஜெர்மன்காரன் செய்தது வந்தாலும், குதிரைக் குளம்பில் கல் எடுக்கிற கொக்கி வைத்த கத்தியைச் செண்பகத்தோப்பு ஃபாரஸ்ட் கார்டு ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வந்தபோதும், அவளிடம் ஒரே பதில்தான். நானும் விடாமல் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் கத்தி பெட்டிக்குள் போகும்.

பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொம்பா, பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு மூலையில் வைத்தால் தெரிந்துவிடும். கொம்பு என்றால் முடி கருகுகிற வாடை வரும். நான் வீட்டில் முதல் தடவை வைத்துப் பார்த்தபோது உன் அம்மா பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, யாரு தலையில தீப்பிடிச்சுது?" என்று கேட்டு என் தலையைத் தடவினாள். அப்போதே அங்கே பெரிதாகக் கருக ஒன்றும் இல்லை. நீ பம்பாய்க் கடையில் ஊசியைக் காய்ச்சப் போகாதே, அடித்துத் துரத்துவார்கள். கன்னத்தில் வைத்துப் பார், போதும். கொம்பும் சிப்பியும் முதலில் குளிரும், பிளாஸ்டிக் குளிராது. முத்துச்சிப்பியைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நீ எழுதியிருப்பதில் 'வெள்ளைவெளேர்' என்று ஒரே நிறத்தைத்தான் சொல்லியிருக்கிறாய். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று அலகும் ஒரே மாதிரி பளபளக்கிறது என்பதும் சரியில்லை. மூன்று அலகு இருக்கிற கத்தியில் மனுஷன் பெரிய அலகைத்தான் தினமும் எடுப்பான். அது தேய்ந்தும் மற்ற இரண்டும் புதிதாகவும் இருந்தால்தான் அது ஒருவர் சட்டைப் பையில் வாழ்ந்த கத்தி. மூன்றும் மின்னினால் யாரோ விற்பதற்காகச் சாணை பிடித்து மெருகு போட்டிருக்கிறார்கள்.

மெருகு என்றதும் ஆயுத பூஜைக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நடந்தது. அவள் உனக்கு வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள், நடந்தது இதுதான். பழைய கத்தி சேர்க்கிறவர்களுக்கு அலகின் மேல் படிந்திருக்கிற கறுப்புதான் உயிர். துரு வேறு, கறுப்பு வேறு. துரு இரும்பைத் தின்னும், கறுப்பு இரும்பைக் காப்பாற்றும். வருஷக்கணக்கில் பழம் நறுக்கி, கயிறு அறுத்து, எண்ணெய் பட்டு வருகிற நிறம் அது. அதைத் துடைத்துவிட்டால் திரும்ப வராது. அன்றைக்கு மில்லிலும் பூஜை. எந்திரத்துக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் கோலம், உள்ளே சாமிப் படத்துக்கு முன்னால் வாழையிலை. இலையில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் ஸ்பேனர் செட், உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ். அதற்கு நடுவில் என் கத்திகள் எல்லாம் விரித்து வைத்தபடி, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. புளியும் செங்கல் பொடியும் போட்டுக் காலையிலிருந்து தேய்த்திருக்கிறாள். குத்துவிளக்குக்குச் செய்கிற அதே பக்குவம். பொட்டலத்தை அப்படியே தரையில் வைத்தேன். நல்ல வேளை, பின்னாலேயே கடிகார மாமா பொரி வாங்க வந்துவிட்டார். இலையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஏம்மா, நாப்பது அம்பது வருசத்துக் கறுப்பும்மா அது" என்றார்.

"நாப்பது வருசமா ஒருத்தரும் தேய்க்கலங்கறது பெருமையா அண்ணாச்சி? எம்புட்டு அழுக்கு! சரஸ்வதி முன்னால அப்படியேவா வைக்கிறது?" என்று கேட்டாள் உன் அம்மா.

மாமா ஒரு கத்தியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அலகின் அடியில் இருக்க வேண்டிய முத்திரை எழுத்தில் பாதியைக் காணோம். அவர் அதை என்னிடம் காட்ட, நான் அவளிடம் காட்ட, அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பேரு போனா என்ன? கத்தி போயிட்டா?" என்றாள். முதலில் மாமாதான் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். என்ன சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, எல்லோருக்கும் சுண்டல் கொண்டு வந்து வைத்தாள். இப்போதும் சில கத்திகளைத் திறந்தால் ரிவிட் ஓரத்தில் குங்குமம் தெரியும். அவள் போன பிறகு, மதுரையிலிருந்து ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தவர், தேய்த்ததையெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கி, "இதெல்லாம் கெட்டுப்போச்சு சார், யாரோ வெவரம் தெரியாதவங்க கை வச்சுருக்காங்க" என்றார். நான் பெட்டியை மூடிவிட்டு அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னது தொழில்படி சரிதான். ஆனால் எனக்கு ஃபிட்டர் கண். அந்தச் செங்கல் பொடிக் கீறல்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று வெளிச்சத்தில் பிடித்தால் எனக்குத் தெரியும். வலது கைக்காரர்கள் தேய்த்தால் வருகிற சாய்வு இல்லை அது. உன் அம்மா இடது கைக்காரி.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், இரண்டாவது கத்தி. கறுப்புக் கொம்பு, ஒற்றை அலகு. நான் சொன்ன மாதிரி சத்தம் கேட்டு, ஆட்டிப் பார்த்து, அலகின் அடியில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை. அலகு தேய்ந்து கொஞ்சம் மெலிந்திருக்கும், அதுவும் பரவாயில்லை. கடைக்காரர் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல். ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, உலர்ந்த துணியில் சுற்றி வை. தோல் உறையில் போடாதே, தோல் ஈரம் குடிக்கும். சோழபுரத்துக்காரரிடம் கொடுக்கும்போது கையில் நீட்டாமல் மேஜை மேல் வைத்து அவரை எடுத்துக்கொள்ளச் சொல். உன் அம்மா ஒரு நாளும் கத்தியையோ ஊசியையோ யார் கையிலிருந்தும் நேராக வாங்க மாட்டாள், "கீழ வையிங்க, நான் எடுத்துக்கிடுதேன், நமக்குள்ள சண்டை வேண்டாம்" என்பாள். வைத்து எடுத்தும் நாங்கள் போடாத சண்டை இல்லை. இருந்தாலும் அவள் சொன்னதைச் செய்துவிடு.

முதல் பக்கத்தைத் தொடாமலே இதோடு கடிதத்தை முடித்து, உறையில் போட்டு, பசையும் தடவிவிட்டேன். பிறகு கத்தி வந்து சேருகிற நாளை யோசித்துப் பார்த்தேன். சோழபுரத்துக்காரர் சொன்ன நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். வாங்கிக்கொண்டு நடந்தே வருவேன், வழியில் பிரிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, கத்திப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து திறப்பேன். டக்கென்று சத்தம் வரும். வந்த பிறகு? கடிகார மாமா கடையை மூடிவிட்டு மகளோடு ஹைதராபாத் போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். போன மாசம் ஒரு கார்டு போட்டிருந்தார், 'இங்கே என் பாஷை பேச ஊரே இருக்கிறது, கத்தி பேச ஒருவரும் இல்லை' என்று. எனக்கு இந்த வீட்டுக்குள் இரண்டுக்கும் ஆள் இல்லை. சேர்ப்பது என்பது யாருக்காவது காட்டுவதற்குத்தான் என்று இவ்வளவு வயசுக்குப் பிறகு தெரிகிறது. போன வாரம் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் இல்லை. பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அடுப்படி நிலைப்படிக்குப் போய் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்காதே, கால் போய்விட்டது. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால், "இதுவும் கத்தி மாதிரிதான இருக்கு" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன்.

அதனால் உறையைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன். இப்போது முதல் பக்கத்துக்கு வருகிறேன். லீவு இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். ஆனால் போன பொங்கலுக்கு நீ எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிட்டபோது நான் கேட்டேனே, எப்போதடா வருவாய் என்று. லைனில் ஒரே இரைச்சல். "வாரேன்ப்பா. அம்மா இல்லாத வீட்டுக்குள்ள வந்தா என்னமோ பண்ணுதுப்பா" என்றாய். நான், சரி சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கருமாதிக்கு வந்திருந்தபோதே எனக்குத் தெரியும். நீ வீட்டுக்குள் படுக்கவில்லை, மொட்டைமாடியில் படுத்தாய். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போகாமல் எதிர்வீட்டில் வாங்கிக் குடித்தாய். காரியம் முடிந்த மறுநாளே ரயில் ஏறினாய். அதற்குப் பிறகு நீ இந்த வாசல் மிதிக்கவில்லை. நான் வருத்தப்பட்டு எழுதவில்லை. எனக்கும் போக ஒரு இடம் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன். நான் எங்கே போவது? இது என் வீடு, அவள் சாமான்களும் இங்கேதான் இருக்கின்றன.

மஸ்கட் போகிறவனுக்கு ஒரு அப்பா சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கும் தெரியும். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். புதிதாகப் போகிற இடத்தில் எந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் அதை ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சாப்பாட்டை ஒத்திப் போடாதே, உனக்கு வயிறு சீக்கிரம் புண்ணாகும், அது என் வழி. கூட இருக்கிறவர்கள் ஊருக்குப் போகிற போதெல்லாம் மனசு ஆடும், அப்போது வேலையை விட்டுவிடலாமா என்று முடிவெடுக்காதே. கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, அது உன் அம்மா டிபார்ட்மெண்ட். அவள் மடவார் வளாகம் கோயிலில் உன் பேருக்கு என்னென்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்ததை மட்டும் நான் போய்ச் செய்துவிட்டு வருகிறேன். நீ போவதில் எனக்குச் சந்தோஷம்தான். மில்லில் பஞ்சுத் தூசிக்குள் என் காலம் போன மாதிரி உனக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதுதான். போக வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் தெளிவாகப் புரிந்துகொள்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சொல்ல வந்தது இந்தப் புத்தகத் தமிழுக்குள் வரமாட்டேன் என்கிறது. நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சொல்வேனோ அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஏலே, லீவு கேட்டுப் பாரு. தரலன்னா பொறவும் ஒரு தடவை கேளு. ரெண்டு நாளு போதும். தேருக்கு வான்னு கூப்பிடல, கத்தியக் கொண்டான்னு கூப்பிடல. அது கெடக்கட்டும், அந்தக் கடையிலேயே கெடக்கட்டும். நீ வாசல்ல வந்து நின்னா அவ இல்லாதது உனக்குத் தெரியும்தான். உள்ள வந்தா இன்னும் தெரியும். தெரியட்டும்லே. இங்க எனக்கு மட்டுமே தெரிஞ்சுக்கிட்டு இருக்கு. அதான் என்னால ஏலல.

அப்பா